மலைப் பள்ளத்தாக்கில் மண் அணை: அதன் பயனும் பாதுகாப்பும்

நீலகிரி ஜில்லாவில் ஜலக் கஷ்டம் உண்டு என்று கூறினால் சமவெளியில் வசிப்போர் எளிதில் நம்பமாட்டார்கள். மேகம் தவழும் மலையில் நீருக்கு என்ன குறை என்று கேட்பார்கள். ஆயினும் மலையில் விவசாயம் செய்வோர் அக்கஷ்டத்தை ஆண்டுதோறும் அனுபவித்தே வருகின்றனர். கூடலூர், பந்தலூர்ப் பிரதேசங்கள் தென்மேற்குப் பருவத்தில் மிகுந்த மழையைப் பெறுகின்றன. குன்னூர், கோத்தகிரிப் பக்கங்களுக்கு வடகிழக்குப் பருவமே முக்கியமானது. இரு பருவங்களும் ஓய்ந்த பின்னர், தை முதல் பங்குனி வரையில், இரவில் உறைபனியும் பகலில் வெயிலும் பயிரை வாட்டும். அக்காலத்தில் ஓடைகள் நூலிழைபோல் இளைத்துவிடும். உருளைக்கிழங்கு, காரட், முட்டைக்கோசு, பீட்ரூட், பூண்டு முதலியவற்றைப் பயிரிடும் குடியானவருக்கு ஜலம் மிகவும் வேண்டியிருப்பது அப்பொழுதுதான்.

இதற்குக் காரணம் மழைக் குறைவு அன்று, நிலத்தின் சரிவேயாகும். மேட்டில் விழும் நீர் சில மணி நேரத்திற்குள் பள்ளத்தில் இறங்கி, பவானியையோ மோயாற்றையோ நோக்கி ஓடிவிடுகிறது. ஓடும் நீரைச் சிறிது நேரம் நிற்கச் செய்வதற்கு மலைவாசிகள் கைக்கொள்ளக்கூடிய உபாயங்களில் எளிதானது, பள்ளத்தாக்கின் குறுகிய இடத்தில் மண்ணால் ஒரு கரை எழுப்பிக் குட்டை அமைப்பதாகும். இதற்கு வேண்டிய மண் அருகிலேயே கிடைக்கும். சிமெண்டும் இரும்பும் அதிகம் வேண்டியதில்லை. எனினும் மண் அணை என்பது கட்டிவிட்டு மறந்துவிடக்கூடிய பொருளன்று. அதன் பயன் எத்தகையது, அதற்கு அபாயம் எவ்வழியாக வருகிறது, அதைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்னும் மூன்று விஷயங்களையும் ஒவ்வொரு கூட்டுறவுச் சங்க அங்கத்தினரும் தெரிந்துகொள்ளுதல் அவசியம்.

சிறு அணையின் பயன்கள்

சிறு அணையினால் விளையும் முதற்பயன் வேனிற்காலப் பாசனம். ஒரு ஏக்கர் பரப்பும் சராசரி 6 அடி ஆழமும் உள்ள குட்டை ஒன்றில் சுமார் 74 லட்சம் லிட்டர் ஜலம் நிற்கும். இதில் ஒரு பகுதி ஆவியாகவும் கசிவாகவும் போய்விட்டாலும், எஞ்சியது பல குடும்பங்களின் காய்கறித் தோட்டங்களைப் பனிக்காலத்தில் காப்பாற்றப் போதுமானது.

இரண்டாவது, குட்டையில் நிற்கும் நீர் மெதுவாகப் பூமிக்குள் இறங்கி, கீழேயுள்ள ஊற்றுகளும் கிணறுகளும் வற்றாமலிருக்க உதவி செய்கிறது. மூன்றாவது, உழுத சரிவுகளிலிருந்து அடித்துவரப்படும் மேல்மண் குட்டையின் அடியில் தங்கிவிடுவதால், கீழ்நிலத்து ஓடைகள் தூர்ந்துபோவதில்லை. தங்கிய வண்டலை வேனிலில் வாரி மீண்டும் நிலத்தில் இடலாம். நான்காவது, கன்றுகாலிகளுக்குக் குடிநீரும், தீவிபத்துக் காலத்தில் கைக்கெட்டும் நீரும் கிடைக்கின்றன.

இவ்வளவு பயன்களும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டவை. கரை நிலைத்து நிற்கும்வரையில்தான் தேங்கிய ஜலம் செல்வமாகும். கரை உடைந்தால், பல மாதங்களாகச் சேர்ந்த ஜலம் சில நிமிஷங்களில் பள்ளத்தாக்கில் பாயும். சமவெளியில் ஏரி உடைந்தால் நீர் பரந்து வேகம் தணிவதற்கு இடமுண்டு. மலையிலோ பள்ளத்தாக்கு குறுகியது, சரிவு செங்குத்தானது, கீழே ஓடையோரத்தில் வீடுகளும், தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் லைன் குடியிருப்புகளும், பாதைகளும் உள்ளன. ஆகையால் சமவெளியில் அற்பமென்று கருதப்படும் அளவுள்ள குட்டையும் மலையில் பெருஞ்சேதம் விளைவிக்க வல்லது.

உதகமண்டலம் ஏரியின் சரித்திரம்

இம்மலையில் மண் கரையின் சரித்திரம் உதகமண்டலம் ஏரியிலிருந்து தொடங்குவதாகக் கொள்ளலாம். கோயம்புத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சலிவன் 1823க்கும் 1825க்கும் இடையில், மலை ஓடைகளின் நீரைத் தடுத்து அவ்வேரியை உண்டாக்கினார். இன்று உல்லாசப் படகுகள் செல்லும் அந்நீர்ப்பரப்பு இயற்கையானதன்று. மனிதர் எழுப்பிய கரையால் நிற்பது. அது அமைந்த பிறகு வெள்ளம் மேலே பெருகிக் கரையை மும்முறை உடைத்து, ஏரி வெறுமையானதாகச் சரித்திரம் கூறுகிறது.

அவ்வேரியின் பிற்காலமும் கவனிக்கத்தக்கது. அதன் பரப்பில் ஒரு பாகம் பின்னாளில் பந்தய மைதானத்துக்கும், பஸ் நிலையத்துக்கும், பூங்காவுக்கும் பயன்பட்டது. நகரம் பெருகப் பெருகக் கழிவுநீர் கோடப்பமந்து கால்வாயின் வழியாக ஏரியில் கலந்து ஜலத்தைக் கெடுத்தது. நீர்ப்பிடிப்பு நிலத்தில் நடப்பவை யாவும் இறுதியில் அணைக்கு வந்து சேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. மேட்டு நிலத்தைச் சரிவின் போக்கிலேயே உழுதால் குட்டை விரைவில் தூரும். தூர்ந்த குட்டையில் வெள்ளத்தை வாங்கிக்கொள்ள இடமிராது. இடமில்லாத வெள்ளம் கரைமேல் ஏறும்.

மண் கரை உடையும் வழிகள்

மண் கரையை அழிப்பது பெரும்பாலும் அது தாங்கி நிற்கும் நீரின் பாரம் மட்டுமன்று. தகுந்த அகலத்துடனும் சரிவுடனும் கட்டிய கரை அப்பாரத்தை நெடுங்காலம் தாங்கும். நீர் போகக்கூடாத வழியில் போவதே கரையின் அழிவுக்குக் காரணம். அவ்வழிகள் முக்கியமாக மூன்று.

முதலாவது, கரையின் உச்சியைத் தாண்டி வழிதல். கருங்கல் அணையின்மேல் சிறிது நீர் வழிந்தாலும் அது நிற்கக்கூடும். மண் கரை அவ்வாறன்று. மேலே ஒரு சாண் நீர் வழியத் தொடங்கினாலும் வெளிச்சரிவின் புல் பெயர்ந்து, மண் கரைந்து, சிறு வாய் பெருவாயாகி, கரை அறுபட்டுவிடும்.

இரண்டாவது, கரைக்குள்ளேயோ அதன் அடியிலேயோ கசிவு பெருகி, மண்ணை உள்ளிருந்து அரித்துச் செல்லுதல். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கரை நன்றாயிருப்பதுபோல் தோன்றும். உள்ளே குழாய்போல் துவாரம் உண்டாகியிருக்கும்.

மூன்றாவது, ஈரம் ஊறிய சரிவு தன் பாரத்தைத் தானே தாங்காமல் சரிந்து விழுதல். நிரம்பியிருந்த குட்டையை மதகு திறந்து மிக விரைவாக வடித்துவிட்டாலும் உட்சரிவு இவ்வாறு சரியக்கூடும். வெளியே தாங்கி நின்ற நீர் போய்விட, மண்ணுக்குள் ஊறிய நீர் மட்டும் உள்ளே நின்று தள்ளுவதே இதற்குக் காரணம். ஆதலால் அவசரமில்லாத காலத்தில் நாளொன்றுக்கு ஓரடிக்கு மேல் நீர்மட்டத்தைக் குறைக்காதிருப்பது நல்லது.

கலிங்கே கரைக்குக் காவல்

மேற்கூறிய மூன்றில் முதலாவதைத் தடுப்பது கலிங்கு. மிகுதி நீர் தானாகவே பக்கவாட்டில் வழிந்து, கரைக்குத் தீங்கில்லாமல் ஓடையைச் சேரும்படி அமைத்த வழியே கலிங்கு என்பது. மதகைத் திறப்பதற்கு ஆள் வேண்டும். கலிங்குக்கு ஆள் வேண்டியதில்லை. நள்ளிரவில் மழை கொட்டும்போது ஊரார் உறங்கினாலும் அது தன் வேலையைச் செய்யும். அதனாலேயே அது போதிய அகலமுடையதாகவும், எப்பொழுதும் அடைப்பின்றியும் இருத்தல் வேண்டும்.

நீலகிரியில் எவ்வளவு மழை ஒரே நாளில் பெய்யக்கூடும் என்பதை அறிந்தால் இதன் முக்கியம் விளங்கும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அம்மழையில் ஜில்லாவெங்கும் மண் சரிந்து 40க்கு மேற்பட்டோர் மாண்டனர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மில்லிமீட்டர் பெய்தது.

இனி, மேற்சொன்ன ஒரு ஏக்கர் குட்டைக்கு 50 ஏக்கர் சரிவிலிருந்து நீர் வருவதாக வைத்துக்கொள்வோர் கீழ்க்கண்ட கணக்கைப் பார்க்கலாம். கேத்தியில் பெய்த அளவு மழை அந்த 50 ஏக்கரில் பெய்தால், விழும் ஜலம் சுமார் 16 கோடியே 60 லட்சம் லிட்டர். அதில் பாதி பூமிக்குள் இறங்கிவிட்டதென்று கொண்டாலும், மீதிப் பாதி அக்குட்டையை 11 தடவை நிரப்பும். நிரம்பிய குட்டைக்கு வரும் இந்நீர் அனைத்தும் கலிங்கின் வழியாகவே போயாக வேண்டும்.

மழையின் வேகத்தையும் கணிக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் 100 மில்லிமீட்டர் பெய்து, முன்னமே ஈரம் ஊறிய நிலம் எதையும் உறிஞ்சாவிட்டால், 50 ஏக்கரிலிருந்து விநாடிக்குச் சுமார் 5,600 லிட்டர் நீர் வரும். கலிங்கின்மேல் 2 அடி ஆழத்தில் நீர் வழியுமாயின், அதன் ஒவ்வோர் அடி அகலமும் விநாடிக்கு ஏறக்குறைய 240 லிட்டரை வெளியேற்றும். ஆகவே 24 அடி அகலமுள்ள கலிங்கு வேண்டும். அதே கலிங்கில் பாதி, முறிந்த கிளைகளாலும் புதராலும் அடைபட்டிருந்தால், அவ்வளவு நீரும் வெளியேற வழியும் ஆழம் 3 அடிக்கு உயரும். கலிங்கின் தளத்துக்குமேல் கரையின் உச்சி 3 அடி உயரமே இருக்குமானால், அப்பொழுது நீர் கரைமேல் ஏறிவிடும். இது விஷயத்தை விளக்குவதற்காகச் சொன்ன கணக்கு. ஒவ்வொரு பள்ளத்துக்கும் உரிய அளவை எஞ்சினீயரே நிர்ணயிக்க வேண்டும். ஆயினும், ஒரு கிளை அடைப்பு ஒரு கரையை அழிக்கக்கூடும் என்பது இதனால் தெளிவாகும்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்தில் சவுத் போர்க் என்னுமிடத்தில் 72 அடி உயரமுள்ள மண் அணை ஒன்று இருந்தது. அதன் அடியிலிருந்த வடிகுழாய்கள் முன்னமே அகற்றப்பட்டு, மீண்டும் வைக்கப்படாமலே இருந்தன. ஏரி ஓர் உல்லாச சங்கத்தின் வசமானபோது, வளர்ப்பு மீன்கள் தப்பிப்போகாதிருக்கும் பொருட்டுக் கலிங்கில் கம்பித் தடுப்பு வைத்தார்கள். வண்டிகள் செல்வதற்காகக் கரையின் உச்சியும் தாழ்த்தப்பட்டது. 1889 மே 31ந் தேதி பெருமழையில் குப்பைகூளம் கம்பித் தடுப்பை அடைக்க, வெள்ளம் கரைமேல் ஏறிற்று. அணை அறுபட்டு, கீழேயிருந்த ஜான்ஸ்டவுன் நகரத்தில் 2,209 பேர் மாண்டனர். மீன் வளர்ப்பதற்காகக் கலிங்கின் வாயில் வலை கட்டுவோரும், இன்னும் அரையடி ஜலம் நிற்கட்டுமென்று அதன்மேல் மணல் மூட்டை அடுக்குவோரும் இதை ஊன்றி நினைக்க வேண்டும். கலிங்கை உயர்த்துவது நீரைச் சேமிப்பதாகாது; கரையைத் தாழ்த்துவதற்கே அது சமானம்.

கசிவைக் கண்டறிதல்

கசிவே இல்லாத மண் கரை எங்கும் இல்லை. 15 அடி ஆழமுள்ள நீர் தன் அடியில் ஒவ்வொரு சதுர அடியையும் சுமார் 425 கிலோ பாரத்துடன் அழுத்துகிறது. அவ்வழுத்தத்தில் சிறிது நீர் மண்ணுக்குள் புகுந்து மறுபுறம் தோன்றுவது இயற்கை. கசிவு உண்டா இல்லையா என்பதைக் காட்டிலும், அது எத்தகைய கசிவு என்பதே முக்கியம்.

கரையடியில் தெளிந்த நீர், ஆண்டாண்டும் ஒரே அளவாக வருமானால் அச்சம் வேண்டாம். நீர் கலங்கி, மண்ணைக் கொண்டுவந்தால், கரை உள்ளிருந்து அரிபடுகிறதென்று அறிய வேண்டும். தெளிந்த நீரேயாயினும் அதன் அளவு திடீரென்று மிகுந்தால் அதுவும் அபாயக் குறியே. முன்பு உலர்ந்திருந்த இடத்தில் புதிதாகச் சதுப்பு காண்பதும், வேனிலில் கரையின் ஓரிடத்தில் மாத்திரம் புல் பச்சையாயிருப்பதும் கவனிக்கத்தக்கவை. மதகுக் குழாயின் வெளிவாயைச் சுற்றிக் கசியும் நீரை விசேஷமாகப் பார்க்க வேண்டும். மண்ணும் குழாயும் சேருமிடமே கரையில் மிகவும் பலவீனமான இடம்.

கசிவை அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. கசியும் நீரைச் சிறு வாய்க்காலில் சேர்த்து, ஒரு குழாய்த் துண்டின் வழியாக விழச்செய்து, ஒரு குடம் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறதென்று குறித்தால் போதும். அன்றைய நீர்மட்டத்தையும் மழையையும் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும். நீர்மட்டம் மாறாமலிருக்கக் குடம் முன்னினும் விரைவாக நிரம்புமானால் கரைக்குள் ஏதோ நேர்ந்திருக்கிறது. இவ்வாறு எழுதிய நோட்டுப் புஸ்தகம் ஒன்று, பின்னர் வந்து பார்வையிடும் எஞ்சினீயருக்கு நூறு வார்த்தைகளைவிட உபயோகமாயிருக்கும்.

கசிவை அலட்சியம் செய்வது எவ்வளவு அபாயமானது என்பதற்கு அண்மைக்கால உதாரணமும் உண்டு. மகாராஷ்டிரத்தில் ரத்னகிரி ஜில்லாவிலுள்ள திவாரே மண் அணை 2019 ஜூலை 2ந் தேதி இரவு பெருமழையில் உடைந்தது. சுமார் 20 பேர் உயிரிழந்தனர். கரையில் கசிவு இருப்பதை ஊரார் முன்னரே எடுத்துச் சொல்லியிருந்ததாக அப்போது பத்திரிகைகளில் செய்தி வந்தது. கண்டவர் இருந்தும் காரியம் நடவாவிட்டால் கண்டதனால் பயனில்லை.

மரம், பிராணி, வண்டி

கரையின்மேல் மரம் நின்றால் அது மண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறு. சீகை மரமும் கற்பூர மரமும் விரைந்து வளர்ந்து வேரை ஆழமாகச் செலுத்துகின்றன. மரம் பட்டுப்போனால் வேர் மக்கி, அவ்விடம் நீர் செல்லும் துவாரமாகிறது. காற்றில் மரம் சாய்ந்தாலோ, வேரோடு ஒரு வண்டி மண் பெயர்ந்துவிடும். ஆதலால் கன்றாயிருக்கும்போதே பிடுங்கிவிட வேண்டும். முற்றிய மரமாயின், குட்டை நிரம்பியிருக்கும் காலத்தில் வேரைத் தோண்டலாகாது. மேலும், 1955ஆம் ஆண்டு மலைப்பிரதேச மரப் பாதுகாப்புச் சட்டம் நீலகிரியில் அமலிலிருப்பதால், வெட்டுவதற்கு முன் உரிய அனுமதி பெறுவது அவசியம். கரைக்கு ஏற்ற போர்வை புல்லே. அடர்ந்து படரும் புல்லைப் பதித்து, அவ்வப்போது குட்டையாக அறுத்துவந்தால் மழைநீர் சரிவை அரிக்காது. வெடிப்பும் வளையும் கண்ணுக்குத் தெரியும்.

நண்டும் எலியும் முள்ளம்பன்றியும் கரையில் வளை தோண்டுகின்றன. காட்டுப்பன்றி புல்லைக் கிளறிவிடுகிறது. காட்டெருமைகள் நாள்தோறும் ஒரே தடத்தில் ஏறி இறங்குவதால் கரையின் உச்சி அவ்விடத்தில் தாழ்ந்துவிடும். வெள்ளம் ஏறும்போது முதலில் வழிவது அப்பள்ளத்தில்தான். வளைகளைத் தோண்டிப் பார்த்து, ஈரக் களிமண்ணைச் சிறிது சிறிதாகத் திணித்து இடிக்க வேண்டும். தடங்களை உடனுக்குடன் நிரப்பி, உச்சி முழுவதும் ஒரே மட்டமாயிருக்கும்படி பார்க்க வேண்டும்.

அகலமான கரையைக் கண்டால் லாரி ஓட்ட எவருக்கும் ஆசை உண்டாகும். இலங்கையில் திருகோணமலைப் பிரதேசத்திலுள்ள கந்தளாய்க் குளம் பல நூற்றாண்டுகளாக நிலைத்திருந்த பழமையான குளம். அதன் கரை 1986 ஏப்ரல் 20ந் தேதி விடியற்காலை 3 மணிக்கு உடைந்தது. 120க்கு மேற்பட்டோர் மாண்டனர். 1,600க்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. கரைமேல் மிகுபாரமுள்ள வாகனங்கள் சென்றதும் ஒரு காரணமாகக் கூறப்பட்டது. பழமையான கரை என்பதனால் கவலையில்லை என்று எவரும் எண்ணலாகாது.

புதிதாகக் கட்டுவோர் கவனிக்க வேண்டியவை

நீலகிரிப் பள்ளங்களின் அடியில் பெரும்பாலும் இலைமக்கு நிறைந்த கரிய சதுப்பு மண் கிடக்கிறது. இதன்மேல் கரை எழுப்பினால் கரை அமிழ்ந்து வெடிக்கும். ஆகையால் அதை முழுவதும் அகற்றி, உறுதியான மண் காணும்வரையில் தோண்ட வேண்டும். கரையின் நடுவே நெடுக ஒரு பள்ளம் எடுத்து, நல்ல களிமண்ணைத் திணித்து மேலே கொண்டுவருவது அடிக்கசிவைத் தடுக்கும். மண்ணை ஒரே தடவையில் குவியலாகக் கொட்டக்கூடாது. அரையடிக்கு ஓர் அடுக்காகப் பரப்பி, கையில் பிடித்தால் உருண்டையாகும் பதத்தில் நனைத்து, திமிசு கொண்டோ உருளை கொண்டோ இறுக்க வேண்டும். வேரும் புல்லும் பெருங்கல்லும் கரைக்குள் சேரலாகாது.

சிறு கரைகளுக்கு உட்சரிவு ஓரடி உயரத்துக்கு 3 அடியும், வெளிச்சரிவு ஓரடிக்கு 2 அடிக்குக் குறையாமலும் வைப்பது வழக்கம். உட்சரிவில் அலைகல் பாவினால் காற்றடிக்கும்போது எழும் சிற்றலைகள் மண்ணை அரிக்கமாட்டா. வெளிக் கரையடியில் மணல், சரளை, கல் என்று வரிசையாக அமைத்த வடிகால், கசிவுநீரை வெளியேவிட்டு மண்ணை மட்டும் உள்ளே நிறுத்திவைக்கும். கலிங்கைக் கரையின் மேலன்றி, பக்கத்திலுள்ள இயற்கையான கெட்டி நிலத்தில் அமைப்பது உத்தமம். குட்டைக்கு மேலேயுள்ள சரிவில் மண்சரிவுக்கு அறிகுறி உண்டா என்று பார்த்த பிறகே இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சரிந்து விழும் மண் குட்டையில் வீழ்ந்தால் நீர் அலையாக எழுந்து கரையைத் தாண்டும். ஓடையைத் தடுப்பதற்கு முன் ஜில்லா அதிகாரிகளின் அனுமதியும், எஞ்சினீயரின் ஆலோசனையும் பெற்றுக்கொள்ளுதல் இன்றியமையாதது.

அபாயம் நேரும்போது

கலங்கிய கசிவு கண்டவுடன் முதற்காரியம், கீழேயுள்ள குடியிருப்புகளுக்கு ஆள் அனுப்பியோ தொலைபேசியிலோ எச்சரிக்கை செய்வது. கரை நிற்குமா என்று நிச்சயம் செய்துகொண்டு பிறகு சொல்லலாம் என்று காத்திருக்கக் கூடாது. வீணாக எழுப்பப்பட்டவர் மறுநாள் கோபித்துக்கொள்ளலாம். எழுப்பப்படாதவர் கோபிக்கவும் இருக்கமாட்டார்.

இரண்டாவது, மதகைத் திறந்து நீர்மட்டத்தைக் குறைப்பது. இத்தகைய சமயத்தில் நாளொன்றுக்கு ஓரடி என்ற விதி பொருந்தாது. மூன்றாவது, கசிவு வெளிவரும் இடத்தைக் களிமண்ணால் அடைக்காதிருப்பது. அடைத்தால் நீர் வேறிடத்தில் இன்னும் வேகமாக வெளிப்படும். அவ்விடத்தில் முதலில் மணலையும், அதன்மேல் சரளையையும், அதன்மேல் கல்லையும் பரப்பி, சுற்றிலும் மணல் மூட்டைகளை வளையமாக அடுக்க வேண்டும். இதனால் நீர் வரும், மண் வராது. நான்காவது, எக்காரணத்தாலும் கரையை வெட்டிவிடக்கூடாது. நீரை வடிக்க வேறு வழியின்றி வாய்க்கால் வெட்ட நேர்ந்தால், அதிகாரிகளின் மேற்பார்வையில், கரையை விட்டு விலகிய கெட்டி நிலத்தில் வெட்ட வேண்டும்.

மத்தியப் பிரதேசத்தில் தார் ஜில்லாவில் காரம் நதிக்குக் குறுக்கே கட்டப்பட்டு வந்த மண் அணையில் 2022 ஆகஸ்டில் கசிவு கண்டது. கீழேயிருந்த 18 கிராமங்களின் ஜனங்களை உடனே அப்புறப்படுத்தி, அணையின் பக்கத்தில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தனர். அணைக்குச் சேதம் நேர்ந்தது. ஆனால் ஓர் உயிரும் போகவில்லை. காலத்தில் செய்த எச்சரிக்கையின் பலன் இதுவே.

சங்கத்தின் பொறுப்பு

இந்தியாவில் 2021ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அது 15 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ள அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றில் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றையும் சேர்ந்தது. மலைப் பள்ளங்களிலுள்ள சிறு கரைகள் அதில் அடங்கமாட்டா. ஆகவே அவற்றைப் பார்வையிட அச்சட்டப்படி ஓர் அதிகாரி வருவார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. அவற்றால் பிழைப்போரே அவற்றைக் காக்க வேண்டும். சமவெளியில் ஏரிக்கரைகளை ஊரார் கூடிச் செப்பனிடும் குடிமராமத்து வழக்கம் பழமையானது; சென்னை மாகாணத்தில் 1858ஆம் ஆண்டிலேயே அதற்கு ஒரு சட்டமும் செய்யப்பட்டது. 2017 முதல் தமிழ்நாட்டில் அப்பெயராலேயே ஏரி மராமத்து மீண்டும் தொடங்கப்பட்டது.

கூடிச் செய்யும் தொழில் நீலகிரிக்குப் புதிதன்று. ஆரி கவுடர் முயற்சியால் 1935ல் தோன்றிய நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம், மலைக் காய்கறிகளைக் குடியானவர் தாமே சேர்ந்து விற்க வழிசெய்தது. 1962ல் குந்தாவில் சிறு தேயிலை விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலை ஏற்பட்டது. விளைந்ததை விற்கச் சேர்ந்தவர்கள், விளைவிக்கும் ஜலத்தைக் காக்கவும் சேரலாம். அதற்குச் சங்கம் செய்யக்கூடியவை வருமாறு:

1. கரைக்கு ஒரு காவலாளரை நியமித்து, வாரம் ஒரு முறையும் மழைக்காலத்தில் தினந்தோறும் கரையின் உச்சியிலும் அடியிலும் நடந்து பார்க்கச் செய்தல்.

2. வைகாசியில் ஒரு முறையும் புரட்டாசியில் ஒரு முறையும், பருவமழைக்கு முன்னர், அங்கத்தினர் கூடிக் கலிங்கையும் போக்கு வாய்க்காலையும் சுத்தம் செய்து, மதகைத் திறந்து மூடிப் பார்த்தல்.

3. மதகுச் சாவியை இருவரிடம் வைத்தல். ஒருவர் வெளியூர் சென்றாலும் மற்றவர் இருப்பார்.

4. நீர்மட்டம், மழை, கசிவு ஆகியவற்றுக்கு ஒரு புஸ்தகம் வைத்து, சங்கக் கூட்டத்தில் அதைப் படித்தல்.

5. வருஷ லாபத்தில் ஒரு சிறு பகுதியைக் கரை மராமத்துக்கென்று ஒதுக்குதல்.

6. பள்ளத்தாக்கில் கீழே வசிப்போரின் பெயர்ப் பட்டியலும் தொலைபேசி எண்களும் சங்க ஆபீசில் எழுதி மாட்டப்பட்டிருத்தல்.

இவற்றுள் கடைசியாகக் கூறியது விசேஷ கவனத்துக்குரியது. குட்டையின் நீரால் பயன் பெறுவோர் சங்க அங்கத்தினர். கரை உடைந்தால் சேதமடைவோரில் அநேகர் அங்கத்தினரல்லாதார். பாசன நிலமோ பங்குத்தொகையோ இல்லாத தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் ஓடைக்கரையில் வசிக்கின்றன. மேலே குட்டை நிரம்பியிருப்பதும் வற்றியிருப்பதும் அவர்களுக்குத் தெரியாது. ஒருவர் பயனை அனுபவிக்க மற்றொருவர் அபாயத்தைச் சுமப்பது கூட்டுறவு தர்மத்துக்கு ஒவ்வாது. ஆதலால் கரையைக் கவனிக்கும் கமிட்டியில் கீழ்ப்பள்ளத்தில் வசிப்பவர் ஒருவரையாவது சேர்த்துக்கொள்வது நீதியும் விவேகமுமாகும். கரையடியில் நாள்தோறும் நடப்பவர்கள் அவர்களே. கலங்கிய நீரை முதலில் காண்போரும் பெரும்பாலும் அவர்களே.

கலிங்கைச் சுத்தம் செய்ய அரை நாள் போதும். கரையைச் சுற்றிவர அரை மணி நேரம் போதும். இவ்விரண்டுக்கும் பெருஞ்செலவு கிடையாது. அடுத்த பருவமழைக்கு முன் கூடும் சங்கக் கூட்டத்திலேயே இவ்விஷயத்தை ஆலோசனைக்கு எடுத்துக்கொண்டு, காவலாளரை நியமித்து, கலிங்கைத் திறந்து வைப்பது ஒவ்வொரு சங்கத்தின் கடமையாகும்.